செப்பிலிக்கு ஒரு ஸ்கேல்

ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகன் சில வருஷங்களுக்கு முன் மார்கழியில் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு ஸ்கேல் கொண்டுவந்தான். சுருட்டி வைத்துக்கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் பட்டை. அங்குலக் கோடுகள் போட்டிருந்தது. 20-இல் ஒரு சிவப்புக் கோடு, 28-இல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, வாலில் கரும்பொட்டு வைத்த ஒரு மீனின் படம். நான் எழுதுகிறவன் என்பதற்காகப் பேனா கொண்டுவருகிற உறவினர்கள் உண்டு. தூண்டில் போடுகிறவன் என்பதை மதித்து ஒருவன் ஏதாவது கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

படத்திலிருந்த மீனை அங்கே ரெட்ஃபிஷ் என்கிறார்கள். ரெட் டிரம் என்றும் சொல்வதுண்டு. டிரம் காரணப்பெயர்: காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து முரசு மாதிரி ஒலி எழுப்புகிற குடும்பம் அது. நம் கத்தாழையும் பன்னாவும் அதே குடும்பந்தான். டெக்ஸாஸில் ஒருவன் ஒரு நாளைக்கு 3 ரெட்ஃபிஷ் வைத்துக்கொள்ளலாம். 20 அங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். 28-க்கு மேல் போனாலும் விட்டுவிட வேண்டும். (லைசென்ஸோடு தரும் சீட்டு ஒன்றைக் கட்டிப் பெரியது ஒன்றை வைத்துக்கொள்ள வழியுண்டு. அது விலக்கு.)

எனக்கு முதல் கோடு உடனே புரிந்துவிட்டது. இரண்டாவது கோடு புரியவில்லை. குஞ்சைப் பிடிக்காதே என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். பெரியதையும் விட்டுவிடு என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். "பெரிசு கிடைச்சா அதுக்குத்தானேடா போறோம்?" என்று கேட்டேன். "இல்ல மாமா, அதுங்கதான் முட்டை போடறதுங்க" என்று ஆரம்பித்து அவன் அரைமணி நேரம் விளக்கினான். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. முட்டையும் அந்தக் கணக்கில்தான், இன்னும் கூடவே, ஏறுகிறது. ஆகவே ஒரு கிழட்டுப் பெட்டைக்கு நாலைந்து இளம் பெட்டைகள் ஈடில்லை. தவிர, இந்த மீன் முதல் மூன்று நான்கு வருஷங்களைக் கரையோரக் கழிகளில் கழித்துவிட்டு, பிறகு வெளிக்கடலுக்குப் போய்க் கிழட்டு மீன்களின் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. அங்கே 40 வருஷம்கூட உயிரோடு இருக்கும். 20-லிருந்து 28-க்கு வளர ஓரிரு வருஷம் போதும். அந்தக் காலத்துக்குள் மனிதன் அதைப் பிடிக்கலாம். தப்பித்தவை போகட்டும். இரண்டு கோடுகளும் சேர்ந்து ஒரு கதவிடுக்கு மாதிரி. கிழத்தின் மேல் மரியாதையோ குஞ்சின் மேல் இரக்கமோ இதில் இல்லை. கணக்குத்தான். அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கணக்கு அவர்களுக்கு ஞானத்தால் வந்ததில்லை. 1980களில் நியூ ஆர்லியன்ஸில் பால் ப்ருடோம் என்ற சமையல்காரர் ரெட்ஃபிஷை வெண்ணெயிலும் காரப்பொடியிலும் புரட்டி இரும்புச் சட்டியில் கருக வறுத்துப் பரிமாறினார். நாடு முழுதும் அந்தப் பைத்தியம் பரவிற்று. வெளிக்கடலில் கூட்டமாக மிதக்கும் கிழட்டு மீன்களைச் சுற்றி வளைக்கும் வலைகளால் அள்ள ஆரம்பித்தார்கள். 1986-இல் அமெரிக்க அரசே நடுவில் புகுந்து மெக்சிகோ வளைகுடாவின் வெளிக்கடலில் அதைப் பிடிப்பதை நிறுத்தியது. அந்தத் தடை பின்னர் எடுக்கப்படவேயில்லை. ஆனால் டெக்ஸாஸ் அதற்கு முன்பே, 1981-இல், ரெட்ஃபிஷை விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. வலை போட்டு வயிறு வளர்த்தவன் விலகிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வருகிறவன் பிடிக்கலாம், அளவோடு. அக்கா மகன் இதைச் சொல்லும்போது அதில் ஒரு நியாயப் பிரச்னை இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை. நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்.

எனக்குத் தூண்டில் பழக்கம் வந்தது உத்தியோகத்தால். வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலானபோது மாலைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாலாறு கடலில் விழும் முகத்துவாரம் சைக்கிள் தூரம். கைத்தூண்டில்தான். ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசி, ஈயக்குண்டு, முள், உயிர் இறால். வருஷத்தில் பாதிநாள் ஆற்றில் தண்ணீரே இருக்காது. முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து, மதுராந்தகம் ஏரி நிரம்பிக் கிளியாறு வழியாக உபரித் தண்ணீர் வந்து சேர்ந்தால் மணல்மேடு உடைகிறது. அதற்குப் பிறகு சில வாரங்கள் செப்பிலி கிடைக்கும்.

செப்பிலியைத் தெரியாதவர்களுக்கு: சங்கராவைவிடத் தடித்தது, செம்பு நிறம். கல்லிடுக்கிலும் வேர்களின் அடியிலும் பதுங்கியிருந்து பாயும். இரையைக் கவ்வியதும் திரும்பித் தன் பொந்துக்கே ஓடும். அந்த முதல் இழுப்பில் கை கொடுத்துவிட்டால் தங்கூசி கல்லில் அறுந்துபோகும். கையில் வெட்டு விழாமல் செப்பிலி பிடித்தவன் யாருமில்லை. ரெட்ஃபிஷுக்கும் இதற்கும் உறவில்லை. வேறு குடும்பம். ஆனால் வாழ்க்கை முறை விசித்திரமாக ஒத்துப்போகிறது. இதுவும் இளமையைக் கழியிலும் முகத்துவாரத்திலும் கழித்துவிட்டு, வளர்ந்தபின் வெளிக்கடல் பார்களுக்குப் போய்த்தான் இனம்பெருக்குகிறது. 30 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. அதாவது, நான் அத்தனை வருஷமாக முகத்துவாரத்தில் பிடித்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் ஒரு தடவைகூட முட்டையிடாதவை. இது அக்கா மகன் வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாது. நிலத்தில் பிறந்தவன் கடலோரத்தில் நின்று கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் இருவரும் போனோம். அவனுடைய கழி கார்பன் ஃபைபர், ரீலின் விலை என் பென்ஷனை நெருங்கும். இரண்டு மணி நேரத்தில் செப்பிலி ஒன்று பிடித்தான். ஈரமணலில் ஸ்கேலை விரித்துக் கிடத்தினான். 14 அங்குலம். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முட்டியளவு தண்ணீரில் இறங்கி, அதற்கு மூச்சு வரும்வரை முன்னும் பின்னும் அசைத்து விட்டான். அது வாலை ஒரு அடி அடித்துப் போய்விட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு சடங்கின் அமைதி அதில் இருந்தது.

பக்கத்தில் வீச்சு வலையோடு நின்றிருந்தார் குப்பத்துப் பெரியவர் ஒருவர். எனக்கு இருபது வருஷப் பழக்கம். கட்டுமரத்தில் ஆரம்பித்து ஃபைபர் படகு வரை பார்த்தவர். கண் மங்கியபின் கரையோடு நின்றுவிட்டார். தண்ணீரைப் பார்த்துத் தெண்டி வெள்ளமா வண்ணி வெள்ளமா என்று சொல்லிவிடுவார். நான் பத்து வருஷம் பக்கத்தில் நின்றும் எனக்கு அது பிடிபடவில்லை.

"இன்னா வாத்யாரே, மீனுக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?" என்றார்.

அக்கா மகன் பொறுமையாக விளக்கினான். அவரும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து வுட்டுட்டுப் போறியேப்பா" என்றார். பிறகு என்னிடம், அவன் காதில் விழாதபடி, "வுட்டது எங்க போவும்? நாளிக்கு நானு வீசுனா என் வலையில வரும். நானு வுட்டா இன்னொருத்தன் வலையில வரும். வுடுறதுன்னா எல்லாரும்ல வுடணும்?" என்றார்.

இந்தக் கேள்வியைப் பொருளாதார வகுப்புகளில் இதைவிட நீளமாகக் கேட்கிறார்கள்.

அவன் ஊருக்குத் திரும்பியபின் நம் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. அது மீனை எண்ணவில்லை. எந்தப் படகு எங்கே போகலாம், எந்த வலை போடலாம், வலைக்கண்ணி எவ்வளவு இருக்கலாம், எந்தக் காலத்தில் போகக்கூடாது என்பவைதான் அதன் அக்கறைகள். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்று அப்போது விதித்தது. அந்தத் தண்ணீர் நாட்டுப்படகுக்கு. இந்த வாசகத்துக்குப் பின்னால் இரத்தம் இருக்கிறது. இறால் ஏற்றுமதிக்காக இழுவலைப் படகுகள் பெருகி, கட்டுமரக்காரனின் வலைகளை அறுத்துக்கொண்டு கரையோரம் வரை வந்தபோது, 1970களின் பின்பாதியில் இந்தக் கடற்கரை நெடுக அடிதடி நடந்தது. உயிர்களும் போயின. சட்டம் அதற்குப் பிறகு வந்த சமாதானம். மீன் அழிந்துவிடுமே என்ற கவலை அதில் இரண்டாவதுதான். மனிதர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளாமல் இருப்பது முதலாவது.

பிறகு 2001-இல் ஏப்ரல் 15-லிருந்து 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்தது. 2017-லிருந்து அது ஜூன் 14 வரை, 61 நாள். சுருக்குமடி வலை தமிழ்நாட்டில் 2000-த்திலேயே தடை செய்யப்பட்டது. அதை வைத்திருந்தவர்கள் வழக்காடி, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாரத்தில் இரண்டு நாள், 12 கடல்மைலுக்கு அப்பால் மட்டும், என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. கேரளம் 2015-இல் இன்னொரு வழியில் போயிற்று. மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 என்று, அதற்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது என்று பட்டியல் போட்டது. மீன்தூள் ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் குஞ்சுகள் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம். அதிலும் கீழ்க்கோடு மட்டுமே. மேல்க்கோடு கிடையாது. வலைக்கு மேல்க்கோடு போட்டு என்ன பயன்? வலையிலிருந்து பெரிய மீனை உயிரோடு திருப்பி அனுப்புவது எப்படி? டெக்ஸாஸின் ஸ்கேல் ஒற்றை முள்ளுக்கும் ஒற்றை மனிதனுக்கும் செய்த ஸ்கேல்.

சட்டம் வருமுன் இங்கே அளவே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. குப்பத்துப் பஞ்சாயத்துகள் இருந்தன. இன்னும் இருக்கின்றன. இதைப்பற்றி விரிவாக எழுதியவர் மார்ட்டன் பவிங்க் என்ற டச்சுக்காரர். சோழமண்டலக் கரை மீன்பிடிப்பின் சச்சரவுகளையும் கட்டுப்பாடுகளையும் பற்றிய அவர் புத்தகம் 2001-இல் வந்தது. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வாங்கிக்கொண்டு போனார்கள். முந்நூறு வருஷம் கழித்து ஒருவர் வந்து நம் குப்பங்களின் சட்டத்தை எழுதிக்கொண்டு போகிறார். நாம் நெய்தல் திணையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டுரைகளில் கடல் என்றால் இரங்கல். மீன் என்றால் காய்கிற மீன், அதைக் கவரவரும் பறவை, ஓட்டுகிற பெண். பிடித்தவன் எங்கே, எந்த வலையால் பிடித்தான், யாரோடு தகராறு, ஒன்றும் கிடையாது. பவிங்க் காட்டுவது இது: புதிதாக ஒரு வலை வந்து, அது மீனைக் கெடுக்கிறது அல்லது பெரும்பாலோர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று பட்டால் ஊர் கூடி அதை நிறுத்துகிறது. மீறினால் அபராதம். இங்கேயும் மீனை எண்ணவில்லை. கருவியைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னொரு மாதிரி. வேடந்தாங்கலில் துப்பாக்கிக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் கவுல் வாங்கினார்கள். 1858-இல் அதை மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். சரணாலயம், ராம்சார் பட்டியல் எல்லாம் பின்னால் வந்தவை. ராம்சார் 2022-இல்தான். இதை ஜீவகாருண்யமாக வர்ணிப்பது வழக்கம். என் பாட்டனாருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் எரு போடவேண்டாம், நெல் நன்றாக வரும், அதனால் காப்பாற்றினோம் என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்கு வெட்கமில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து விட்டதால் அங்கே விடுவது பலித்தது. தண்ணீர் எல்லோர் வயலுக்கும் போயிற்று. குப்பத்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருந்தது. ஆனால் அந்தப் பதில் 70 சொச்சம் ஏக்கருக்குத்தான் செல்லும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்குத்தான் போகின்றன. அந்த ஏரிகளை மீனுக்குக் குத்தகை எடுத்தவர்கள் வெடி வெடித்து அவற்றை விரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கும் வெடிக்காத ஊரிலிருந்து சில மைலில்.

இதையெல்லாம் நண்பரொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விமர்சகர். இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்தான். கேட்டுவிட்டு, "பிடித்ததை விட்டுவிடத் தெரிந்தவன்தான் கவி, இல்லையா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கண்ணில் படுவதையெல்லாம் கவிதைக்கு உவமையாக்கும் பழக்கத்தால் நமக்கு மீனும் தெரியாமல் போயிற்று, கவிதையும் தெரியாமல் போயிற்று. விட்ட மீன் என்ன ஆகிறது என்று அவர் கேட்கவில்லை. சொல்கிறேன்.

போன ஐப்பசிக் கடைசியில் முகத்துவாரம் உடைந்தது. தனியாகப் போயிருந்தேன். விடிகிற நேரம். இடிந்த கல்கட்டு ஒன்றின் ஓரமாக உயிர் இறாலைப் போட்டுவிட்டு, கொஞ்சம் கவனம் தப்பிவிட்டேன். செப்பிலி இரையை முழுசாக விழுங்கியிருந்தது. மணலில் போட்டு ஸ்கேலை விரித்தேன். பதின்மூன்றரை அங்குலம். முள் தொண்டைக்குள் போயிருந்தது. அப்படிப் போனால் இழுக்கக்கூடாது, தங்கூசியை அறுத்துவிட வேண்டும் என்று அக்கா மகன் சொல்லியிருந்தான். எனக்கு முள் வீணாகிறதே என்று இருந்தது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். செவுளிலிருந்து இரத்தம் வந்தது. அப்புறம்தான் அறுத்தேன். தண்ணீரில் இறங்கி, அவன் செய்த மாதிரியே முன்னும் பின்னும் அசைத்தேன். கையை எடுத்தபோது அது ஒருக்களித்து மிதந்தது. மறுபடி நிமிர்த்தினேன். மறுபடி சாய்ந்தது. அலை அதைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்தது.

பெரியவர் எப்போது வந்தாரென்று தெரியாது. தண்ணீரில் நாலு எட்டு நடந்து, வாலைப் பிடித்துத் தூக்கி, ஒரு தடவை அலசினார்.

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"எவ்ளோ?"

"பதிமூணரை."

கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. எடுத்துனு போங்க."

"வேண்டாம், நான் விட்டுட்டேன்" என்றேன். இதைச் சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது.

"அப்ப என்னுதா?"

நான் பதில் சொல்லவில்லை. கேலியாகக் கேட்கவில்லை அவர். விசாரித்தார். கரையில் ஒதுங்கியது யாருக்கு, வலையறுந்து வந்தது யாருக்கு என்பதற்கெல்லாம் அவர்களுக்கு வழக்கு இருக்கிறது. அளந்து விடப்பட்டுச் செத்தது யாருக்கு என்பதற்கு இல்லை. சற்று நின்றுவிட்டுப் பறியில் போட்டுக்கொண்டு போனார். அவர் பறியில் அன்று வேறு மீன் இல்லை, நாலைந்து மடவைக் குஞ்சுகள் தவிர. வலைக்கண்ணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் அது. சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவர் மருமகள் கூடை வைத்திருப்பாள். எட்டு மணிக்கு நான் அங்கே போனபோது மடவைகளுக்கு மேலே செப்பிலி கிடந்தது. வாயோரத்தில் அரை அங்குலம் தங்கூசி நீட்டிக்கொண்டிருந்தது. விலை கேட்டேன். என்னைத் தெரிந்தவள்தான், ஆனாலும் முந்நூறு சொன்னாள். "மாமாதான் புடிச்சாரு, காலைல, உயிர் மீனு" என்றாள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி, தூண்டிலுக்குப் போய்விட்டு மீன் வாங்கிக்கொண்டு வந்தீர்களா என்று சிரித்தாள். ஆமாம் என்றேன். அறுக்கும்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையிலிருந்து முள்ளை எடுத்துக் கொடுத்தேன். வளையவில்லை, நன்றாகவே இருந்தது. கழுவித் துடைத்து டப்பாவில் போட்டுவைத்தேன்.